டியூக்கின் வக்கீல், நாட்டின் நீதிபதி: டங்கன் ஃபோர்ப்ஸ் மேலே வந்த கதை

1737-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மோர்வெர்ன், மல் தீவு, டைரீ தீவு என்று இடம் இடமாகப் போய் ஒருவர் நிலக் குத்தகை பேசிக்கொண்டிருந்தார். நிலமெல்லாம் ஆர்கைல் டியூக்குக்குச் சொந்தம். பழைய குத்தகைகள் முடிந்திருந்தன, புதிதாக விட வேண்டும். இதற்குப் பண்ணைக் கணக்குப்பிள்ளை ஒருவர் போயிருந்தால் நாம் இன்று பேச ஒன்றும் இல்லை. போனவர் டங்கன் ஃபோர்ப்ஸ். ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனுக்கு அந்தக் கோடையில்தான் தலைமை நீதிபதி ஆகியிருந்தார். கோர்ட் விடுமுறையில் டியூக்கின் நில வேலைக்காகத் தீவுக்குப் படகேறிவிட்டார்.

நாட்டின் தலைமை நீதிபதி ஒரு ஜமீன்தாருக்குக் குத்தகை வசூல் பேசப் போனால் இன்று என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அது யாருக்கும் தவறாகப் படவில்லை. ஏன் படவில்லை என்பது புரிந்தால் 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசியலே முக்கால்வாசி புரிந்துவிடும். ஃபோர்ப்ஸின் வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய இடத்துத் தயவில் மேலே வந்தவர்களை நாம் பொதுவாக இரண்டே வகையாகப் பார்க்கிறோம்: ஒன்று கைப்பாவை, இல்லையென்றால் நன்றி கெட்டவன். ஃபோர்ப்ஸ் இந்த இரண்டிலும் சேரமாட்டார்.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தன. எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மூடப்பட்டது. லண்டன் நாடாளுமன்றத்தின் கீழவையில் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தவை 45 இடங்கள். பிரபுக்கள் அவையில் 16 இடங்கள், அதுவும் ஸ்காட்டிஷ் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பும் 16 பேர். ஆனால் ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றங்களும் திருச்சபையும் தனியாகவே தொடரும் என்று ஒப்பந்தம் சொன்னது. ஆக, அரசியல் லண்டனுக்குப் போய்விட்டது, சட்டம் எடின்பரோவில் தங்கிவிட்டது. லண்டனில் இருந்த அமைச்சர்களுக்கு ஸ்காட்லாந்துச் சட்டம் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள், அந்த இடத்துக்கு வக்கீல்கள் வந்தார்கள்.

வாக்குரிமை என்று பார்த்தால் அது ஒரு கைப்பிடி ஆட்களிடம் இருந்தது. நகரத் தொகுதி என்றால் நான்கைந்து ஊர்கள் சேர்ந்து ஒரே எம்.பி. ஒவ்வொரு ஊர் மன்றமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும், அந்த நான்கைந்து பேர் கூடி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். எடின்பரோவுக்கு மட்டும்தான் தனி எம்.பி. இப்படிப்பட்ட தேர்தலை ஜெயிக்க மேடைப் பேச்சு தேவையில்லை. ஊர் மன்றத்து ஆளின் மகனுக்குச் சுங்கத்துறையில் ஒரு வேலை, மருமகனுக்குப் படையில் ஒரு பதவி, தம்பிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தா வேலை என்று வாங்கிக் கொடுக்க முடிந்தால் போதும். சென்னைக்கும் வங்காளத்துக்கும் வந்த ஸ்காட்டிஷ் இளைஞர்களில் பலருடைய பயணம் இப்படி ஏதோ ஒரு ஊர்த் தேர்தல் கணக்கில்தான் தொடங்கியது. அந்த வேலைகளை வாங்கித் தரக்கூடிய பெரிய கை ஸ்காட்லாந்தில் ஆர்கைல் குடும்பத்தின் கை.

ஆர்கைல் என்றால் காம்ப்பெல் குலத்தின் தலைமை வீடு. அண்ணன் ஜான், 2-ஆம் டியூக், போர்த்தளபதி. தம்பி ஆர்ச்சிபால்ட், ஐலா பிரபு, நெதர்லாந்தின் உட்ரெக்டில் சட்டம் படித்தவர், கணக்குப் போட்டு அரசியல் செய்தவர். லண்டனில் முதன்மை அமைச்சராக இருந்த ராபர்ட் வால்போலுக்கு ஸ்காட்லாந்தில் யாருக்கு எந்தப் பதவி என்று சொன்னவர் பெரும்பாலும் இந்தத் தம்பிதான். அண்ணனுக்கு மரியாதை, தம்பிக்கு அதிகாரம் என்று ஊரே அறிந்திருந்தது. இவர்களுக்கு எதிர் அணி ஒன்று இருந்தது, அதை ஸ்குவாட்ரோன் என்பார்கள். அதன் தலைமையில் ராக்ஸ்பரோ டியூக், ட்வீட்டேல் மார்க்விஸ் போன்ற பிரபுக்கள் இருந்தார்கள்.

இந்த ஆட்டத்துக்குள் 1685-இல் பிறந்த டங்கன் ஃபோர்ப்ஸ் எப்படி வந்தார்? இன்வெர்னெஸ் பக்கத்தில் கல்லோடன் என்ற பண்ணை அவர்கள் குடும்பச் சொத்து. ஆனால் அவர் இரண்டாவது மகன். வீடும் நிலமும் அண்ணன் ஜானுக்கு. (இந்த அண்ணன் குடிவிருந்துக்குப் பேர்போனவர், ‘பம்பர் ஜான்’ என்றே ஊரில் பட்டப்பெயர்.) இரண்டாவது மகனுக்கு அன்று படை, வணிகம், சட்டம் என்று சில வழிகள்தான். டங்கன் எடின்பரோவிலும் பிறகு லைடனிலும் சட்டம் படித்தார். ஸ்காட்லாந்துச் சட்டம் ரோமானியச் சட்டத்தை ஒட்டி வளர்ந்தது என்பதால் நெதர்லாந்துக்குப் போய்ப் படிப்பது அங்கே வழக்கம். 1709-இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். சீக்கிரமே மிட்லோதியன் ஷெரிஃப் பதவி கிடைத்தது.

அந்த நாட்களில்தான் ஆர்கைல் சகோதரர்கள் தங்கள் ஸ்காட்லாந்துச் சொத்து விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு ஃபோர்ப்ஸ் கூலி வாங்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நான் அதைப் பெருந்தன்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். கூலி வாங்கினால் கணக்கு அன்றோடு தீர்ந்துவிடும், அப்புறம் நீ யாரோ நான் யாரோ. வாங்காவிட்டால் கடன் நிற்கும். இந்த உறவுக்கு அப்படி நிற்கும் கடன்தான் உயிர். டியூக்கும் அதைத் திருப்பித் தந்தார், பணமாக இல்லை, பதவிகளாக.

1715-இல் ஸ்டூவர்ட் அரச குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவர ஜேக்கபைட்டுகள் கலகம் செய்தார்கள். வடக்கே ஃபோர்ப்ஸ் சகோதரர்கள் அரசுப் பக்கம் நின்று கல்லோடன் வீட்டைக் காத்தார்கள், இன்வெர்னெஸ் நகரை மீட்கவும் உதவினார்கள். தெற்கே அரசுப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆர்கைல் டியூக். 1716-இல் டங்கன் அரசின் துணை வழக்கறிஞர் ஆனார். அடுத்து வந்ததுதான் அவருடைய முதல் சோதனை. பிடிபட்ட ஸ்காட்டிஷ் கைதிகளை எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைல் நகரில் விசாரிக்க அரசு முடிவு செய்தது. ஸ்காட்லாந்துக்காரனை அவனுக்குத் தெரியாத சட்டத்தின் கீழ், வேற்று மண்ணில் நிறுத்துவது நியாயமல்ல என்று ஃபோர்ப்ஸ் நினைத்தார். அந்த வழக்குகளில் சேர மறுத்தார். கைதிகளுக்காகப் பணமும் திரட்டிக் கொடுத்தார். தோற்றவர்களிடம் இரக்கம் காட்டச் சொல்லி வால்போலுக்குப் பெயர் போடாத கடிதம் ஒன்றும் எழுதினார். பதவிக்கு வந்த அதே வருடம் இதைச் செய்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

நாடாளுமன்றத்துக்கு அவர் போன வழியைப் பாருங்கள். 1721-இல் முதலில் கிடைத்தது ஏர் நகரத் தொகுதி. அதில் இன்வெரரியும் காம்ப்பெல்டவுனும் உண்டு. இன்வெரரி ஆர்கைல் டியூக்கின் கோட்டை வாசலில் இருக்கும் ஊர், காம்ப்பெல்டவுனுக்குப் பெயரே அந்தக் குலத்துடையது. அடுத்த ஆண்டே தன் சொந்தப் பகுதியான இன்வெர்னெஸ் நகரத் தொகுதிக்கு மாறி 1737 வரை அங்கேயே இருந்தார். முதல் இடம் தயவில் வந்தது. இரண்டாவதில் குடும்பத்தின் சொந்தச் செல்வாக்கும் சேர்ந்துகொண்டது.

1725-இல் பெரிய படி. ஸ்காட்லாந்தில் மால்ட் மீது, அதாவது பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய பார்லி மீது, புஷலுக்கு 3 பென்ஸ் வரி போட வால்போல் முடிவு செய்தார். அப்போது லார்ட் அட்வகேட், அதாவது ஸ்காட்லாந்தில் அரசின் தலைமை வழக்கறிஞர், ஆர்னிஸ்டன் ராபர்ட் டன்டஸ். எதிரணிக்காரர், வரியையும் எதிர்த்தார். அவரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் ஃபோர்ப்ஸை உட்கார வைத்தார்கள். அடுத்த மாதமே கிளாஸ்கோ பற்றிக்கொண்டது. வரிக்கு ஆதரவாக வாக்களித்தார் என்று அந்த ஊர் எம்.பி. டேனியல் காம்ப்பெலின் ஷாஃபீல்ட் மாளிகையைக் கூட்டம் சூறையாடியது. படை சுட்டதில் பலர் செத்தார்கள். ஃபோர்ப்ஸ் தளபதி வேடின் படையோடு கிளாஸ்கோவுக்குப் போய், கலகக்காரர்களை மட்டுமல்ல, நகர மேயரையும் மன்ற உறுப்பினர்களையுமே கைது செய்தார். கூட்டத்தை அடக்காமல் விட்டது அவர்கள் குற்றம் என்பது வாதம். கைதானவர்கள் எடின்பரோவுக்குக் கொண்டுபோகப்பட்டு ஜாமீனில் வெளியே வந்தார்கள். காம்ப்பெலுக்குக் கிடைத்த நட்ட ஈட்டை கிளாஸ்கோ நகரமே சுமந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு அவர் ஐலா தீவையே வாங்கினார்.

என் கண்ணுக்கு ஃபோர்ப்ஸின் வாழ்க்கையில் இதுதான் மோசமான பக்கம். கார்லைல் கைதிகளுக்காகக் கசிந்த மனம் கிளாஸ்கோ தெருவில் செத்தவர்களுக்காக ஏன் கசியவில்லை? அதோடு ஒரு குடும்ப விஷயமும் இருக்கிறது. 1689 போரில் அவர்கள் நிலங்கள் நாசமானதற்கு ஈடாக, ஃபெரின்டோஷ் பண்ணையில் வரியில்லாமல் விஸ்கி காய்ச்சும் உரிமையை 1690-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கொடுத்திருந்தது. வருடத்துக்கு 400 மெர்க் என்று ஒரு சிறு தொகை கட்டினால் போதும். 1784-இல் அரசு 21,580 பவுண்டு கொடுத்துத்தான் அந்த உரிமையைத் திரும்ப வாங்க முடிந்தது என்றால் அதன் மதிப்பை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான் ஏழையின் பீருக்கு வந்த வரியை நிலைநாட்டப் படையோடு போனார்.

கிளாஸ்கோ விவகாரத்தில் எதிரணியின் ராக்ஸ்பரோ டியூக் ஸ்காட்லாந்து அமைச்சர் பதவியை இழந்தார். அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. பதவி தரும் வேலையை ஐலா பிரபு பார்த்துக்கொண்டார், அன்றாட அரசு வேலை லார்ட் அட்வகேட் மேசைக்கு வந்தது. ஒரு இரண்டாவது மகன், பட்டமில்லாத வக்கீல், ஸ்காட்லாந்து நிர்வாகத்தின் பாதியைச் சுமக்கிறார். அதற்கு ஒரு பிரபுவின் பெயர் நிழல் தர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஐலாவுக்கு அந்தரங்க வலதுகை வேறு ஒருவர்: மில்டன் பிரபு என்று பட்டம் பெற்ற நீதிபதி ஆண்ட்ரூ ஃப்ளெட்சர். யாருக்கு எந்தப் பதவி என்ற பேரம் அவர் வழியாகப் போனது. ஃபோர்ப்ஸ் அண்ணன் டியூக்கின் ஆள். இந்தச் சின்ன வித்தியாசம் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

1736-இல் எடின்பரோவில் போர்ட்டியஸ் கலகம். ஒரு கடத்தல்காரனைத் தூக்கிலிட்டபோது நகரக் காவல்படை கூட்டத்தின் மீது சுட்டது. படைத்தலைவர் போர்ட்டியஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, லண்டன் அதை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 7 இரவு மக்கள் சிறையை உடைத்து அவரை இழுத்துவந்து கிராஸ்மார்க்கெட்டில் தொங்கவிட்டார்கள். லண்டனுக்கு வந்த கோபத்தில் எடின்பரோவையே தண்டிக்க ஒரு மசோதா வந்தது: நகர மேயருக்குச் சிறை, காவல்படை கலைப்பு, நெதர்பௌ கோட்டைவாசல் கதவுகளைப் பெயர்ப்பது. அரசின் வழக்கறிஞரான ஃபோர்ப்ஸ் கீழவையில் எழுந்து அரசின் மசோதாவையே எதிர்த்துப் பேசினார். பிரபுக்கள் அவையில் ஆர்கைல் டியூக் எதிர்த்தார். கடைசியில் போர்ட்டியஸின் மனைவிக்கு நகரம் 2,000 பவுண்டு கட்ட வேண்டும், மேயர் இனி பதவி வகிக்கக் கூடாது என்பதோடு மசோதா சுருங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் தனி ஆளாக எதிர்க்கவில்லை என்பது. டியூக்கும் அதே பக்கம். தயவு என்பது வாயைக் கட்டும் கயிறாக மட்டும் இல்லை. மேலிடத்தை எதிர்க்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சுவராகவும் இருந்தது. மசோதா விவாதம் நடந்த 1737-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோர்ட் ஆஃப் செஷன் தலைவர் ஹியூ டால்ரிம்பிள் இறந்து இடம் காலியாகி இருந்தது. அரசு மசோதாவை எதிர்த்த சூட்டோடு ஜூனில் அந்தப் பதவி ஃபோர்ப்ஸுக்கு வந்தது.

சரி, இப்போது டைரீ தீவுக்குத் திரும்பலாம். டியூக்கின் நிலங்கள் அதுவரை டாக்ஸ்மன் என்ற இடைக் குத்தகைக்காரர்கள் கையில் இருந்தன. அவர்கள் பெரும்பாலும் காம்ப்பெல் குலத்துப் பங்காளிகள். மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, உழுகிறவனுக்கு உள்குத்தகை விட்டு, வாரமும் வாங்கி, இஷ்டத்துக்கு வெட்டிவேலையும் வாங்குவார்கள். அதற்குப் பதில், போர் வந்தால் ஆட்களைத் திரட்டி டியூக்கின் பின்னால் நிற்பார்கள். ஃபோர்ப்ஸ் கொண்டுபோன திட்டம் வேறு: உழுகிறவனுக்கே நேரடியாக 19 வருடக் குத்தகை, வெட்டிவேலை ஒழிப்பு, யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு நிலம். டைரீயில் மக்கள் இந்த இடைக்காரர்களிடம் எவ்வளவு நொந்துபோயிருந்தார்கள் என்று டியூக்குக்கு எழுதிய அறிக்கையில் விவரமாகச் சொல்கிறார். ஆனால் தீவில் இறங்கியதும் அவர் எதிர்பார்த்த ஏலம் நடக்கவில்லை. ஆட்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு குறைந்த தொகையையே கேட்டார்கள். பின்னால் டாக்ஸ்மன்களின் தூண்டுதல் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். விட்டுக்கொடுக்காமல் பேசிப் பேசித்தான் ஓரளவு தொகைக்குக் கொண்டுவந்தார்.

வெட்டிவேலையிலிருந்து உழுகிறவனை விடுவித்தது நல்ல காரியம்தான். ஆனால் அதே கையெழுத்தில் நிலம் சந்தைச் சரக்காகவும் மாறியது. அதிகம் கேட்பவனுக்கு என்று ஆன பிறகு குலம், பங்காளி, பரம்பரை என்ற பந்தங்கள் தளர்ந்தன. எட்டே வருடத்தில் மறுபடி கலகம் வந்தபோது டியூக்கின் பின்னால் ஆள் திரட்டித் தரும் பழைய வலை அங்கே அறுந்திருந்தது. 1743-இல் டியூக் பட்டத்துக்கு வந்த தம்பி ஆர்ச்சிபால்ட் இதை உணர்ந்து, வாரத்தை மட்டும் பார்க்காமல் விசுவாசத்தையும் பார்த்துக் குத்தகை விடச் சொன்னார்.

அதற்குள் அரசியல் காற்று மாறியிருந்தது. அண்ணன் டியூக் வால்போலோடு முறித்துக்கொண்டு 1741 தேர்தலில் எதிராக வேலை செய்தார். 1742 தொடக்கத்தில் வால்போல் விழுந்தார். எதிரணியின் ட்வீட்டேல் ஸ்காட்லாந்து அமைச்சர் ஆனார். கட்சி மாறியதும் லார்ட் அட்வகேட் மாறினார். ஃபோர்ப்ஸை யாரும் தொடவில்லை, ஏனென்றால் கோர்ட் ஆஃப் செஷன் நீதிபதி பதவி ஆயுள் பதவி. குற்றம் நிரூபித்தால் ஒழிய நீக்க முடியாது. தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்த்துவைத்த நல்ல பெயரும் சேர்ந்திருந்தது. தயவில் ஏறி, தயவு எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று சொல்லலாம். அன்றைய ஸ்காட்டிஷ் வக்கீல்கள் எல்லோரும் நீதிபதி நாற்காலிக்கு ஏங்கியதன் ரகசியம் இதுதான்.

1745 ஜூலையில் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஹெப்ரிடீஸ் தீவில் வந்து இறங்கினார். ஃபோர்ப்ஸ் எடின்பரோவை விட்டு வடக்கே கல்லோடனுக்கு விரைந்தார். படை இல்லை, பணம் இல்லை, ஆயுதமும் இல்லை. முந்தைய சட்டங்களால் விசுவாசமான குலங்கள் ஆயுதத்தை ஒப்படைத்திருந்தன, கலகக் குலங்கள் ஒளித்து வைத்திருந்தன. அவரிடம் இருந்ததெல்லாம் பேனாவும் முப்பது வருடப் பழக்கமும். குலத்தலைவர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். உன் மகன் படிப்பு, உன் நில வழக்கு, உன் கடன் என்று ஒவ்வொருவர் வீட்டு விஷயமும் அவருக்குத் தெரியும். லண்டன் அனுப்பிய 20 தனிப் படைப்பிரிவுகளுக்கான வெற்று நியமனக் கடிதங்களை, யாருக்குக் கொடுத்தால் யார் அடங்குவார் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். ஸ்கை தீவின் மெக்லியோட் தலைவரும், ஸ்லீட் மெக்டொனால்டு தலைவரும் இளவரசர் பக்கம் போகாமல் நின்றதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் போயிருந்தால் இளவரசரின் படை இன்னும் பெரியதாக இருந்திருக்கும்.

லவாட் பிரபு மட்டும் அவர் பிடியில் சிக்கவில்லை. இரண்டு பக்கமும் இனிக்க இனிக்கக் கடிதம் எழுதியபடியே லவாட் காலம் தள்ளினார். அவருடைய ஃப்ரேசர் குலத்து ஆட்களே அக்டோபர் நடுவில் ஓர் இரவு கல்லோடன் வீட்டைத் தாக்கி ஃபோர்ப்ஸைப் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. 1746 ஏப்ரல் 16-இல் கடைசிப் போர் நடந்தது ஃபோர்ப்ஸின் வீட்டை ஒட்டிய பொட்டல்வெளியில்தான். போருக்கு முன் இளவரசர் தங்கியதும் அவர் வீட்டில்தான். ஃபோர்ப்ஸ் அப்போது ஸ்கை தீவில் இருந்தார்.

திரும்பி வந்தவர் பார்த்தது கம்பர்லாண்ட் டியூக்கின் படை காயம்பட்டவர்களையும் கொன்று, ஊர்களை எரித்துக்கொண்டிருந்ததை. நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று அரசரின் மகனிடமே போய்ச் சொன்னார். ‘மனிதாபிமானம் பேசும் அந்தக் கிழவி’ என்று கம்பர்லாண்ட் அவரைக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். மலைநாட்டு உடையைத் தடை செய்யும் யோசனையையும் ஃபோர்ப்ஸ் எதிர்த்தார். மலை ஏறி, வெட்டவெளியில் படுக்கிறவனுக்கு அந்த உடைதான் தோது, விசுவாசமாக நின்றவர்களையும் சேர்த்துத் தண்டிக்காதீர்கள் என்று எழுதினார். கேட்பார் இல்லை, சட்டம் வந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். 1745-46இல் சொந்தக் காசையும் கடன் வாங்கிய காசையும் அரசுக்காகச் செலவழித்தார் ஃபோர்ப்ஸ். லண்டனில் கேட்டு அலைந்தும் உயிரோடு இருந்தவரை அது திரும்பி வரவில்லை. 1747 டிசம்பர் 10-இல் 62 வயதில் இறந்தபோது மகனுக்கு விட்டுப்போனது கடனில் மூழ்கிய பண்ணை. அதே ஆண்டு, குலத்தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரங்களை ஒழித்து அவர்களுக்கு நட்ட ஈடு தரும் சட்டம் நிறைவேறியது. மொத்தம் சுமார் 1,52,000 பவுண்டு கொடுத்தார்கள், அதில் ஆர்கைல் டியூக்குக்கு மட்டும் 21,000. ஃபோர்ப்ஸைத் தூக்கிவிட்ட முறை, டியூக்குக்குச் செய்த சேவையை எழுதிவைக்கத் தெரிந்த முறை. 1745-இல் அவர் செய்தது எந்தப் பிரபுவின் கணக்கிலும் வராத சேவை. கேட்டு வாங்கித் தர வேண்டிய அண்ணன் டியூக் 1743-லேயே இறந்துவிட்டார். தம்பிக்குச் சொந்த ஆட்கள் இருந்தார்கள். வக்கீல் சங்கம் மட்டும் தன் காசில் ரூபியாக் என்ற சிற்பியைக் கொண்டு 1752-இல் அவருக்கு ஒரு பளிங்குச் சிலை வைத்தது. எடின்பரோவின் பழைய நாடாளுமன்றக் கூடத்தில் அது இன்றும் இருக்கிறது.

காலியான தலைமை நீதிபதி பதவிக்கு 1748-இல் வந்தவர் ஆர்னிஸ்டன் ராபர்ட் டன்டஸ், 1725-இல் ஃபோர்ப்ஸுக்காக நீக்கப்பட்ட அதே மனிதர். அவருக்கு அப்போது ஆறு வயதில் ஹென்றி என்று ஒரு மகன் இருந்தான். அவனும் வக்கீல் ஆனான், லார்ட் அட்வகேட் ஆனான், பிறகு லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த வாரியத்தின் தலைவனாகி, ஸ்காட்லாந்தின் எம்.பி. இடங்களையும் சென்னை, கல்கத்தா வேலைகளையும் தன் கையாலேயே பங்கிட்டான். ஃபோர்ப்ஸ் காலத்தில் பிரபு சொல்ல வக்கீல் செய்தார். ஹென்றி டன்டஸ் காலத்தில் பதவி வேண்டிய பிரபுக்கள் அந்த வக்கீலுக்குக் கடிதம் எழுதினார்கள்.